சிட்டுக்குருவிக்கு ஒரு வீடு

2010ம் ஆண்டு முதல், ஒவ்வோர் ஆண்டும், மார்ச் 20ம் தேதி, உலகச் சிட்டுக்குருவிகள் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று முற்றத்தில் அரிசி தூவுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

ஓட்டு வீடுகளின் இடுக்குகளில் கூடு கட்டிய குருவிக்கு, நம் கான்கிரீட் வீடுகளில் இடமில்லை. ஒரு சிறு மரப்பெட்டியில், ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளையிட்டு, பூனை எட்டாத உயரத்தில், வெயில் படாத சுவரில் மாட்டுவோம்.

வருவது சிட்டுக்குருவிதானா? ஆண் குருவிக்கு, உச்சந்தலை சாம்பல் நிறம், தொண்டை கறுப்பு. பெண் குருவி மங்கிய பழுப்பு நிறம். கண்ணுக்குப் பின்னே வெளிர் கோடு இருக்கும்.

பெரிய குருவிகள் தானியம் தின்னும். ஆனால், குஞ்சுகள் வளர, புழு பூச்சிகள் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில், அரிசி எவ்வளவு கிடந்தாலும் குஞ்சுகள் பசியால் வாடும். எனவே மருந்தைத் தவிர்ப்போம். செம்பருத்தி, மருதாணி வளர்ப்போம். மண்சட்டியில் தினமும் புதுத் தண்ணீர் வைப்போம்.

முட்டை பொரிய ஏறக்குறைய 2 வாரங்கள், குஞ்சுகள் பறக்க இன்னும் 2 வாரங்கள். அந்த ஒரு மாதமும், ஆவலை அடக்கி, பெட்டியைத் திறக்காமல் இருப்போம். அதுவும் விருந்தோம்பலே.