கண்டிப்பும் கொடுமையும்



காரியாலயமொன்றில் இலிகிதர் ஒருவர் கடிதத்திற் பிழை விடுகின்றார். மேலதிகாரி அவரைத் தம் அறைக்கு அழைத்து, பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்தி வருமாறு பணிக்கின்றார். இது கண்டிப்பு. அப்பிழையையே பலர் முன்னிலையிற் சொல்லி இகழ்ந்து, மறுநாளும் அதனை நினைவூட்டிச் சிரித்து, பின்னர் வேலையே கொடாது ஒரு மூலையில் இருத்திவிடுவாராயின், அது கொடுமை. முன்னது பிழையைத் திருத்துவது. பின்னது மனிதனை ஒடுக்குவது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையினாலேயே பல தொழிலகங்களிற் கொடுமை, கண்டிப்பு என்னும் பெயரில் உலாவி வருகின்றது.

கொடுமை எப்பொழுதும் உரத்த குரலில் வருவதன்று. கூட்டத்துக்கு அழையாது விடுதல், வேண்டிய தகவலை மறைத்தல், முடிக்கவியலாத வேலையைச் சுமத்துதல், புறங்கூறுதல் ஆகியனவும் அதன் வடிவங்களே. சுவீடன் நாட்டிற் பணியாற்றிய உளவியலறிஞர் ஹைன்ஸ் லேமான் 1980களில் இதனை ஆராய்ந்தார். வாரம் ஒரு முறையேனும், ஆறு மாதமளவு தொடர்வதனை அவர் அளவுகோலாகக் கொண்டார். தனித்தனியே நோக்குமிடத்து அற்பமாய்த் தோன்றுபவை, தொடர்ந்து வரும்பொழுது ஒருவருடைய உறக்கத்தையும் உடல்நலத்தையும் கெடுத்துவிடுகின்றன. அந்நாடு 1993இல் இதற்கெனத் தனி விதியொன்றை ஆக்கியது. சர்வதேச தொழில் தாபனம் 2019இல் ஏற்றுக்கொண்ட 190ஆம் இலக்கச் சமவாயமோ, கொடுஞ்செயல் ஒரே முறை நிகழினும் அது கொடுமையே என வகுத்துள்ளது.

நம் நாட்டிலே கல்வி நிறுவனங்களில் நிகழும் இத்தகைய செயலுக்குப் பகிடிவதை என்னும் பெயருண்டு. அதனைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. 1995இல் திருத்தப்பெற்ற தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, தொழிலிடத்தில் அதிகாரமுடையோர் இழைக்கும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கு இடமளிக்கின்றது.

ஆயினும், சட்டம் துணைநிற்பதற்குச் சான்று வேண்டும். ஆதலால், துன்புறுபவர் நிகழ்ந்த நாள், நேரம், சொல்லப்பட்ட வார்த்தை, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் நன்று. முறைப்பாட்டை எழுத்து மூலம் கொடுத்து, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கத்தின் துணையையும் நாடலாம்.

உடனிருப்போருக்கும் கடமையுண்டு. ஏளனம் தழைப்பது கேட்டுச் சிரிப்போரால். சிரியாதிருத்தல் முதற்படி, பின்னர் துன்புற்றவரிடம் சென்று, "நான் கண்டேன், வேண்டுமாயின் சொல்வேன்" என்று கூறுதல் அடுத்தபடி. தனித்துவிடப்பட்டவருக்கு அச்சொல் பெருந்துணையாகும்.

நிறுவனத் தலைவரின் பொறுப்போ இவற்றினும் பெரிது. முறைப்பாட்டிற் குறிக்கப்பட்டவரையே விசாரணைக்கு நியமித்தலாகாது. இருபக்கத்தையும் பொறுமையுடன் கேட்டறிந்து, முடிவை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். முறையிட்டவரைத் தூர இடத்துக்கு மாற்றிவிட்டு, விடயம் தீர்ந்ததெனக் கோப்பை மூடுவது பலவிடத்தும் காணப்படும் வழக்கம். அது தீர்வன்று, முறையிட்டமைக்கு விதிக்கப்படும் தண்டனை. அதனைக் கண்ட ஏனையோர் இனி வாய்திறவார். எவரும் முறையிடாத காரியாலயத்தில் அமைதி நிலவுகின்றதா, அச்சம் நிலவுகின்றதா என்பதைத் தலைவராயிருப்போர் இடையிடையே விசாரித்தறிதல் வேண்டும்.