துபாய் செல்லும்போது குறையும் நேரம் திரும்பும்போது கூடுவது ஏன்?

திருவனந்தபுரத்திற்கும் துபாய்க்கும் இடையே உள்ள தொலைவு, உருண்டையான புவிப்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோடாகிய பெருவட்டத்தின் வழியே அளந்தால், ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர் ஆகும். மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் இதனை மூன்றரை மணி நேரத்தில் கடக்கலாம் எனினும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், தரையிறங்குதல் ஆகியவையும் சேர்வதால், பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமாக நீள்கிறது.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்களோ வேறொரு கணக்கைக் காட்டுகின்றன. கிரீன்விச் நேரத்தைவிட இந்திய நேரம் ஐந்தரை மணியும் துபாய் நேரம் நான்கு மணியும் முந்தியிருப்பதால், காலை 10 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறக்கும் விமானம் துபாயில் பகல் 12.30க்கு இறங்குகிறது; அங்கிருந்து காலை 10 மணிக்குக் கிளம்பினால், திருவனந்தபுரத்தை அடையும்போது பிற்பகல் 3.30 ஆகிவிடுகிறது.

பறக்கும் நேரத்தையே உண்மையில் மாற்றுவது காற்றாகும். குளிர்காலத்தில் அரபு நாடுகளின் மேல் உயரத்தில் வீசும் மேலைக் காற்று கிழக்கு நோக்கி வரும் விமானத்தை விரைவுபடுத்துகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ, தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து வீசும் தாரைக் காற்று, அதாவது குறுகிய பட்டையாகப் பாயும் வேகமான உயர்வளிக் காற்று, பயணத்தின் அப்பகுதியில் மேற்கே செல்லும் விமானத்திற்குத் துணையாகிறது.