வீட்டிலிருந்தே பணி: கழுத்துவலிக்கு யார் பொறுப்பு?

கழுத்துவலியோடு வருபவரிடம் முன்பெல்லாம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மட்டுமே கேட்போம். இப்போது "எங்கே அமர்ந்து செய்கிறீர்கள்?" என்றும் கேட்கிறோம். கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை என்று பதில் வருகிறது. அலுவலக நாற்காலி உடைந்தால் முறையிடுபவர்கள், வீட்டில் வரும் வலிக்குத் தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

சிக்கல் மடிக்கணினியின் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றாக இணைந்திருப்பதால், கைகளுக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கண்களுக்கு நேராக உயர்த்தினால் தோள்கள் தூக்கிக்கொள்கின்றன. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை முன்னே சாயச் சாய, கழுத்துத் தசைகள் அதைப்போலப் பலமடங்கு சுமையை இழுத்துப் பிடிக்கின்றன. கணினியைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி விசைப்பலகையும் மவுஸும் பயன்படுத்தினால் பெருமளவு நிவாரணம் கிடைக்கும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். பாதம் தரையில் படவேண்டும். எட்டாவிட்டால் ஒரு மனைப்பலகை போதும். அரைமணிக்கொருமுறை எழுந்து நடப்பது, விலையுயர்ந்த நாற்காலியைவிடப் பயன் தரும். பெண்கள் பலருக்கு அந்த இடைவேளையும் அடுப்படியில்தான் கழிகிறது என்பதை வீட்டார் கவனிக்க வேண்டும்.

இவற்றை நிறுவனத்திடம் கேட்கத் தயங்காதீர்கள். பணி வீட்டுக்கு வந்துவிட்டதால் பணியளிப்பவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், போதிய உபகரணங்களை வழங்குவது நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. பிரிட்டனில் கணினித் திரைமுன் பணிபுரிவோருக்கான 1992ஆம் ஆண்டு விதிகள் வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கும் பொருந்தும். ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்கும் நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவரிடம் "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று பணியை அனுப்பிவிடுகிறார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அவரும் தலையணையில் சாய்ந்தபடி தொடங்கிவிடுகிறார். மருத்துவ விடுப்பு வேறு, வீட்டிலிருந்து பணி வேறு. எவ்வளவு நேரம் அமரலாம், எப்போது பணிக்குத் திரும்பலாம் என்று நாங்கள் கடிதம் தருகிறோம். உடன் வருபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கை மரத்துப்போனாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ நாள் கடத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். தைலம் தேய்க்காமல் அன்றே வாருங்கள். முதுகுவலியோடு சிறுநீர் அடைபட்டாலோ, கட்டுப்பாடின்றிக் கசிந்தாலோ, உட்காருமிடம் மரத்தாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.