வாத்தியாருக்குப் படிக்க வெளிநாடு: திரும்பி வர வழி எங்கே?

இன்ஜினீயரிங்குக்கும் டாக்டர் படிப்புக்கும் வெளிநாடு போகிற பிள்ளைகளைப் பார்த்துக் கோவில்பட்டிப் பக்கம் யாரும் வியப்பதில்லை. "வாத்தியாருக்குப் படிக்கவா அவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்பார்கள். கல்வியியல் படிக்க லண்டனுக்கும் ஹெல்சிங்கிக்கும் விண்ணப்பிக்கிற இளைஞர்களிடம் வெளிநாட்டு ஆசையைவிட எரிச்சல்தான் அதிகம் தெரிகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து தப்பித்து வந்தவர்களுக்கு, பி.எட்.டிலும் அதே மனப்பாடம் காத்திருக்கிறது.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு எழுதித் தரக் காசுக்கு ஆள் கிடைக்கும். சார்ட் கடையில் ரெடிமேடாகத் தொங்கும். தனித்து இயங்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன. 2012-ல் நீதிபதி வர்மா ஆணையம் சொன்ன இந்தக் கருத்தை 2020 தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துக் காட்டுகிறது. அதே 2012 ஜூலையில் தமிழகத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி என்பது கொடுமைதான். அதை ஒப்புக்கொண்டாலும், அந்த எண் உறுத்தாமல் இல்லை.

இந்த மண்ணுக்கு இந்தக் கசப்பு புதிதல்ல. எட்டயபுரத்துப் பாரதி திருநெல்வேலியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டைத் தன் சுயசரிதைப் பாட்டில் கொட்டித் தீர்த்தார்: அப்பாவுக்கு வீண் செலவு, தனக்குக் கேடு. தந்தை இறந்தபின் 1898-ல் காசிக்குப் போனார். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர். பிறகு எழுதிய 'தேசியக் கல்வி' கட்டுரையில் கிராமப் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டமே போட்டுக் கொடுத்தார். எழுத்து, கணக்கோடு விவசாயம், கைத்தொழில், வியாபாரம், ஊர் சுற்றிப் பார்க்கும் யாத்திரைகூட அதில் உண்டு. பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1989-ல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

அப்படி வெளிநாடு போய் என்னதான் படிக்கிறார்கள்? ஓர் உதாரணம் போதும். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களை மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளிடம் அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 1985-ல் வெளியான இந்த ஆய்வு, உலகெங்கும் கல்வியியல் மாணவர்கள் படிப்பது.

இதைக் கோவில்பட்டிப் பிள்ளை லண்டன் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போது அம்மா ஞாபகம் வராமல் இருக்குமா? அம்மா வேலை செய்யும் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக் கணக்கு குரோஸில்தான். ஒரு குரோஸ் 144 பெட்டி, பன்னிரண்டு பன்னிரண்டு. இன்றைக்கு எத்தனை குரோஸ், கூலி எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் என்ன வரும் என்பதை அம்மா விரலை மடக்கியே சொல்லிவிடுவாள். அவள் மகனோ பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு வகுப்பில் அடி வாங்கியிருப்பான். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்ட ஒரு ஆசிரியர் இல்லாமல் போனதே என்ற ஆதங்கம், கடல் கடந்த பிறகு வருகிறது.

செலவு சின்னதல்ல. பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணமும் தங்குவதுமாகப் பல இடங்களில் 25 லட்சம் ரூபாயைத் தாண்டும். மானாவாரிக் காட்டை அடமானம் வைத்தாலும் அடங்காத தொகை. காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைகள் உண்டு, கிடைப்பவர்கள் சிலரே. ஆனாலும் இழுப்பது அங்குள்ள பயிற்சிதான்: பின்லாந்தில் 1979 முதல் பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுத்து, அந்த வகுப்பை அலசி ஆராய்ந்துதான் அங்கே ஆசிரியர் உருவாகிறார். 2024 அக்டோபரில் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிரான்ஸ் போய்வந்தார்கள். நல்ல காரியம், ஆனால் சில நாள் சுற்றுலாவில் இதெல்லாம் வசப்படாது.

நல்ல முறைகள் உள்ளூரிலேயே உண்டு, வெளிநாடு எதற்கு என்பாரும் உள்ளனர். ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் பிறந்த அட்டை முறை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுக்கப் பரவியது உண்மைதான். சுவரில் பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, படம் பார்த்துத் தானே அட்டை எடுக்கும் ஏணிப்படி. அதை ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வந்து ஆராய்ந்தார்கள்; அப்படி ஆராயும் பயிற்சிக்குத்தான் நம் பிள்ளைகள் வெளியே போகிறார்கள்.

கவலையெல்லாம் படித்தவர் திரும்புவதைப் பற்றித்தான். வெளிநாட்டில் கல்வியியல் முதுகலை முடித்தவர் கரிசல் கிராமத்துப் பள்ளியில் நுழைய அந்தப் பட்டம் உதவாது. இங்கே அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பட்டம் வேண்டும். தகுதித் தேர்வு வேண்டும். அதற்கு மேல் நியமனத் தேர்வு. மறுபடி மனப்பாடம். கடன் கழுத்தைப் பிடிக்க, அவர் பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனத்திலோ துபாயில் ஒரு பன்னாட்டுப் பள்ளியிலோ சேர்ந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நஷ்டம் ஈராசிரியர் பள்ளிக்கு; ஐந்து வகுப்பை இரண்டு பேர் கட்டி மேய்க்கும் பள்ளிக்கு.

பருத்திக்கும் சோளத்துக்கும் இந்த மண்ணிலேயே சோதனை நடத்த 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. கற்பித்தலுக்கும் இடம் இல்லாமல் இல்லை: தூத்துக்குடி மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் வானரமுட்டியில், கரிசலுக்கு நடுவில்தான் இருக்கிறது. வெளியே படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே இரண்டாண்டு ஆய்வுப் பணியிடம் சிலவற்றை ஒதுக்கலாம், சுற்றியுள்ள பள்ளிகளில் குரோஸ் கணக்கிலிருந்து வாய்ப்பாட்டுக்குப் போகும் பாடத்தை அவர்கள் எழுதிச் சோதிக்கலாம், அங்கே பணிக்குக் கேட்கும் எம்.எட். இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வாசலில் நிறுத்தாமல் இருக்கலாம்.