கால் மரத்தவர்களுக்கு அகச்சிவப்பு ஒளி கைகொடுக்குமா?

இனிப்பு நீர் வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. நடந்தால் பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது, இரவானால் பாதம் எரிகிறது, செருப்பு கழன்று போனதே தெரியவில்லை என்பார்கள். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. உடலில் மிக நீளமானவை பாதத்துக்குச் செல்லும் நரம்புகளே. அதனால் பாதிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆணி குத்தினாலும் வலி தெரியாது. வலி தெரியாத புண்ணைக் கவனிக்காமல் விட்டால், விரலையோ காலையோ இழக்கும் நிலைகூட வரலாம்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எனவே, மரத்துப் போன காலுக்கு உணர்ச்சி திரும்பும் என்று யாராவது ஒரு கருவியை விற்க வந்தால், நம்ப ஆசைப்படும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அகச்சிவப்பு ஒளிக் கருவி அத்தகைய ஒன்று. இதில் உண்மை எவ்வளவு?

கருவி என்ன செய்கிறது?

கண்ணுக்குத் தெரியாத, ஏறத்தாழ 890 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை வீசும் சிறு விளக்குகள் பதித்த பட்டைகளைக் காலில் கட்டுகிறார்கள். அந்த ஒளி இரத்தத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை விடுவித்து, இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் நரம்பு தேறும், புண் ஆறும் என்பது தயாரிப்பாளர்களின் விளக்கம். அமெரிக்காவில் இத்தகைய கருவிக்கு 1994இல் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் வலியைக் குறைக்கவும் இரத்த ஓட்டத்தைக் கூட்டவும் என்ற அளவில்தான் அந்த அனுமதி கிடைத்தது. நரம்பைக் குணப்படுத்தும் என்பதற்காக அல்ல.

ஒப்பிட்டுப் பார்த்தபோது

தொடக்க ஆய்வுகள் சிலவற்றில், சிகிச்சை பெற்றவர்களுக்கு உணர்ச்சி திரும்பியதாகக் கூறப்பட்டது. ஆனால் சிகிச்சை பெறாத மற்றொரு குழு ஒப்பிட இல்லை. 2004இல் 27 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு நம்பிக்கை தந்தது. அடுத்த ஆண்டே 39 பேரை இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான ஒளி, மற்றதற்குப் போலிக் கருவி. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. நான்கு வாரங்களில் இரு குழுவினருக்குமே உணர்ச்சி கூடியது! போலிக் கருவி கட்டியவர்களும் தேறினார்கள் என்றால், அந்தப் பலனை ஒளியின் கணக்கில் எழுத முடியுமா? நம்பிக்கை, கூடுதல் கவனிப்பு, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடும்.

2008இல் வெளிவந்த ஆய்வில் 69 பேர் சேர்க்கப்பட்டனர். வீட்டிலேயே தினமும் 40 நிமிடம், 90 நாட்கள் கருவியைப் பயன்படுத்தினர். அதிலும் போலிக் கருவியைவிட உண்மைக் கருவி சிறந்ததாகத் தெரியவில்லை. இதற்கிடையே 2006 அக்டோபரில், அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், நீரிழிவு நரம்பு பாதிப்புக்கும் தோல் புண்களுக்கும் இச்சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்று முடிவு செய்தது.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து

சூடு தெரியாத காலில் வெப்பம் தரும் எந்தக் கருவியும் தீக்காயம் உண்டாக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, கருவி பார்த்துக்கொள்ளும் என்று புண்ணுக்கு மருத்துவரைப் பார்க்காமல் நாளைக் கடத்துவது. புண் ஆற வேண்டுமானால் செத்த சதையை அகற்ற வேண்டும், கிருமித் தொற்றைக் கட்டுப்படுத்த வேண்டும், இரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும், புண்ணின் மேல் பாரம் விழாமல் காக்க வேண்டும். எரிச்சல் வலிக்கு மருத்துவர் தரும் மாத்திரைகள் உண்டு.

நேயர்களே, கருவி வாங்குமுன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?" பதில் வரும்வரை பணம் பையிலேயே இருக்கட்டும். இரவில் படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நண்பகலில் கோயில் வெளியில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளினிக்கில் நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதித்துக் கொள்ளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். செலவு குறைந்த இந்தக் கவனிப்புதான் காலைக் காக்கும்.