ரெண்டு அணிக்கும் 71 புள்ளி... டார்ட்மண்ட் கோப்பையைக் கோட்டைவிட்டது எப்படி?

2023 மே 27. பண்டஸ்லிகா சீசனின் கடைசி நாள். டார்ட்மண்ட் 70 புள்ளி, பேயர்ன் மியூனிக் 68. சொந்த மைதானத்தில் மைன்ஸை ஜெயித்தால் போதும், 2012-க்குப் பிறகு டார்ட்மண்டுக்கு முதல் பட்டம்.

கடைசிச் சுற்றில் 9 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். அடுத்த மைதானத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் கணக்குப் போட்டு ஆடக்கூடாது அல்லவா? ஆனா கேலரியில் எல்லார் கையிலும் மொபைல் இருக்கே!

முதல் கோல் மைன்ஸுக்கு. டார்ட்மண்டுக்குக் கிடைத்த பெனால்டியை அடிக்க வந்தவர் ஹாலர். புற்றுநோயிலிருந்து மீண்டு அந்த ஜனவரியில்தான் களத்துக்குத் திரும்பியவர். கோல்கீப்பர் தடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் 0-2.

81-வது நிமிடத்தில் பேயர்னுக்கு எதிராக கொலோன் 1-1 ஆக்கியது. அப்படியே முடிந்திருந்தால், தோற்றாலும் டார்ட்மண்ட்தான் சாம்பியன். 89-வது நிமிடத்தில் முசியாலா அடித்தார், 2-1. கூடுதல் நேரத்தில் டார்ட்மண்ட் 2-2 ஆக்கியும் பயனில்லை.

புள்ளிகள் சமமானால், ஜெர்மனியில் அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிப்பார்கள். பேயர்ன் 54, டார்ட்மண்ட் 39. ஸ்பெயினிலோ இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தக் கணக்கிலும் பேயர்ன்தான்: ஒன்று 2-2 டிரா, இன்னொன்று 4-2 வெற்றி.