விலாங்கு மீன் விலை எட்டல... பன்றிக்கறி வந்துச்சு! ஜப்பானின் 'புடாடொன்' கதை

ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோ தீவில் இருக்கும் ஊர் ஒபிஹிரோ. இங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே 'பான்ச்சோ' என்ற சின்ன உணவகம். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். இத்தனைக்கும் நீளமான மெனு எல்லாம் கிடையாது. எல்லோரும் வருவது ஒரே ஐட்டத்துக்குத்தான்: புடாடொன்.

அது என்ன புடாடொன்?

'புடா' என்றால் பன்றி. 'டொன்' என்பது 'டொன்புரி'யின் சுருக்கம். சுடுசோறு மேல் கறி, மீன் எதையாவது வைத்துத் தரும் கிண்ணம். பன்றிக்கறியைக் கொஞ்சம் தடிமனாக வெட்டி, கரி நெருப்பில் வாட்டி, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பைப் பூசி, சோறு மேல் அடுக்கினால் புடாடொன் ரெடி. பான்ச்சோவில் மேலே பச்சைப் பட்டாணியும் தூவுவார்கள்.

ஏன் பன்றி?

ஜப்பானில் இதே முறையில் விலாங்கு மீனை வாட்டி சோறு மேல் வைப்பது பழைய வழக்கம். உடம்புக்குத் தெம்பு தரும் சாப்பாடு என்று பெயர். ஆனால் விலை அதிகம். காட்டையும் வயலையும் நம்பி உழைத்தவர்களுக்கு எட்டவில்லை. ஒபிஹிரோ இருக்கும் டொகாச்சி பகுதியிலோ பன்றி வளர்ப்பு பரவலாக இருந்தது. 1933-ல் பான்ச்சோவைத் தொடங்கியவர், விலாங்குக்குப் பதில் பன்றிக்கறியை வைத்தார். மாற்றாக வந்த சாப்பாடு, ஊரின் அடையாளமே ஆகிவிட்டது.

மெனுவில் ஒரு ட்விஸ்ட்

ஜப்பானிய உணவகங்களில் பைன், மூங்கில், பிளம் என்று தரம் பிரிப்பார்கள். வழக்கமாக பைன்தான் உசத்தி, பிளம் கடைசி. பான்ச்சோவில் இது தலைகீழ். பைன்தான் சின்னது, பிளம் அதற்கு மேலே. காரணம்? நிறுவனரின் மனைவி பெயர் 'உமே'. அதாவது பிளம். வீட்டுக்காரம்மாவை கடைசியில் வைக்க மனசு வரலையாம்!

எல்லா புடாடொன்னும் ஒன்றா?

இல்லை. 2003 டிசம்பரில் அமெரிக்காவில் மாடுகளுக்கு 'மேட் கவ்' நோய் கண்டறியப்பட, ஜப்பான் அந்த மாட்டிறைச்சிக்குத் தடை போட்டது. 2004 பிப்ரவரியில் 'யொஷினோயா' செயின் தன் பிரபலமான மாட்டிறைச்சிக் கிண்ணத்தை நிறுத்திவிட்டு, பன்றிக்கறிக்கு மாறியது. நாடு முழுக்க 'புடாடொன்' என்ற பெயர் பரவியது. ஆனால் அது மெல்லிசாகச் சீவிய கறியை வெங்காயத்தோடு வேகவைப்பது. அதைச் சாப்பிட்டுவிட்டு "புடாடொன்னா இவ்வளவுதானா?" என்று முடிவு கட்டினால், நஷ்டம் ஒபிஹிரோவுக்கும்தான், உங்களுக்கும்தான்.

போனால் கவனிக்க...

வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். தனியாகச் சாப்பிடுவது அங்கே சகஜம். டிப்ஸ் வைக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள், வெளியே பசியோடு ஆட்கள் நிற்பார்கள். பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் வேறு கடை பார்ப்பது நல்லது. ஜப்பானில் வேறு ஊரில் புடாடொன் போர்டைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நெருப்பில் வாட்டியதா, வேகவைத்ததா?